ஒரு சாண் வித்தியாசம்

விளையாட்டு வெளியான மூன்றாவது வாரம் அந்தப் புகார் வந்தது. எழுதியவர் மலேசியாவில், ஈப்போவில் இருந்தார்.

'ரயில் நின்றுபோன ஊரில் ஆட்கள் நடைமேடையை விட்டுப் போகமாட்டேன் என்கிறார்கள். நான் பாதையைப் பிரித்து ஆட்டக் கணக்கில் மூன்று வருடமாகிவிட்டது. ஊரில் கடை இல்லை, வேலை இல்லை. ஆனாலும் காலை ஆறு நாற்பதுக்கு வந்து வரிசையாக நிற்கிறார்கள். பார்க்க என்னவோபோல் இருக்கிறது. சரிசெய்யுங்கள்.'

பியூலா அதைப் படித்துவிட்டு, 'கவனிக்க வேண்டியவை' பட்டியலில் முப்பத்தொன்றாவதாகச் சேர்த்தாள். பிறகு போய் டீ குடித்துவிட்டு வந்தாள்.

கோயம்புத்தூர் பீளமேட்டில் பதினொரு பேர் வேலை செய்த அந்தச் சின்னக் கம்பெனி, 'சந்திப்பு' என்ற ரயில்பாதை விளையாட்டைச் செய்துகொண்டிருந்தது. ஆடுகிறவருக்கு ஒரு நிலப்பரப்பு கிடைக்கும். அதில் அவர் தண்டவாளம் போட்டு, ஊர்களை இணைத்து, ஒரு தேசத்தையே ஓட்டவேண்டும். இப்படிப்பட்ட விளையாட்டுகள் நிறைய உண்டு. அவற்றிலெல்லாம் எந்தத் தண்டவாளமும் எந்தத் தண்டவாளத்தோடும் ஒட்டிக்கொள்ளும். 'சந்திப்பில்' ஒட்டாது. மீட்டர் கேஜ், பிராட் கேஜ், ஸ்டாண்டர்டு கேஜ் மூன்றும் அதில் தனித்தனி அகலம். மலையில் வளைந்து ஏற மீட்டர் கேஜ் மலிவு. சுமைக்கு பிராட் கேஜ். வேகத்துக்கு ஸ்டாண்டர்டு கேஜ். இரண்டு அகலங்கள் சந்திக்கிற ஊரில் எல்லோரும் இறங்கி வண்டி மாறவேண்டும். மூட்டைகளை ஆட்கள் தலையில் தூக்கி மாற்றவேண்டும். அந்தத் தாமதத்தாலேயே அங்கே ஒரு சந்தை வரும், லாட்ஜ் வரும், ஊர் பெருக்கும். பிராட் கேஜுக்கும் ஸ்டாண்டர்டு கேஜுக்கும் இருநூற்று நாற்பத்தொரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. அந்த ஒரு சாணில் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள்.

ஆடுகிறவர் அகலத்தை மாற்ற நினைத்தால் பாதையைச் சில காலம் மூடவேண்டும். மூடினால் அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதை எழுதியது பியூலா. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு வேலை, வழக்கமாகப் பிடிக்கிற ஒரு வண்டி, வண்டி தாமதமானால் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஒரு குணம் என்று நுணுக்கமாகச் செய்திருந்தாள். அதற்காகவே விளையாட்டு பேசப்பட்டது.

அந்த வாரத்துக்குள் இன்னும் நாற்பது புகார்கள் வந்தன. நடைமேடையில் நிற்பவர்களுக்கு ஆட்டக்காரர்கள் 'சிலைகள்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். கம்பெனியை நடத்திய சென்னியப்பன் அவள் மேசைக்கு வந்தார்.

"அந்தச் சிலைப் பிரச்சனை என்னாச்சுங்க?"

"பிரச்சனை எதுவுமில்லைங்க. பழக்கம் எத்தனை நாள்ல விட்டுப்போகும்னு ஒரு எண் இருக்கு. அது பூஜ்யமா இருக்கு. பூஜ்யம்னா விட்டே போகாது."

"ஆரு பூஜ்யம் போட்டது?"

"நான்தான்."

"எப்பங்க?"

பியூலா திரையில் இருந்த தேதியைக் காட்டினாள். சென்னியப்பன் அதைப் பார்த்தார். உடனே பக்கத்து மேசையில் இருந்த ஏதோ காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த வாரத்தை அவருக்கும் நினைவிருந்தது. பியூலாவின் கணவன் ஜெபராஜ் எஞ்சினியராக இருந்த சரக்குக் கப்பல் மொரீஷியஸுக்குத் தெற்கே மூழ்கிய வாரம் அது. பதினொரு உடல்கள் கிடைத்தன. ஜெபராஜ் கிடைக்கவில்லை. இறந்துவிட்டான் என்று எழுதித் தர யாருக்கும் அதிகாரமில்லை, ஏழு வருடம் ஆகவேண்டும் என்றார்கள். பியூலா நான்காம் நாளே ஆபீசுக்கு வந்துவிட்டாள். அழவில்லை. வேலையில் தப்பு விடவில்லை. அந்த ஒரு எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது மட்டும்தான்.

"செரி, இப்ப ஒரு எண்ணைப் போட்டுட்டாப் போச்சுங்க," என்றார் சென்னியப்பன்.

"எவ்வளவு போடட்டும்?"

"அது எனக்கென்னங்க தெரியும். உங்களுக்கு எது சரின்னு படுதோ."

தொண்ணூறு நாள் என்று போட்டாள். சிலைகள் மூன்று மாதத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர் போனார்கள். புகார் நின்றது.

இரண்டு மாதம் கழித்து ரயில்வேயின் பெருவழித் திட்ட அலுவலகத்திலிருந்து பேசினார்கள். நாட்டின் கிளைப்பாதைகளை பிராட் கேஜிலிருந்து ஸ்டாண்டர்டு கேஜுக்கு மாற்றுகிற வேலை அவர்களுடையது. வேகவண்டிகள் எல்லாம் ஸ்டாண்டர்டு கேஜில் ஓடத் தொடங்கியபின், கிளைகளும் அதற்கேற்ப மாறவேண்டியிருந்தது. எந்தப் பாதையை எப்போது மூடுவது, மூடினால் மக்கள் என்ன ஆவார்கள் என்று பார்க்க 'சந்திப்பை' உள்ளிருந்து இயக்குகிற நிரலை வாடகைக்கு வாங்கியிருந்தார்கள். அதைக் கவனித்த அதிகாரி துளசிராமன் வீடியோவில் வந்தார். நெற்றியில் மெலிதாகத் திருமண், நிதானமான பேச்சு.

"உங்க மாடல் பிரமாதம் மேடம். பாதை மூடின தொண்ணூறு நாள்ல எல்லாரும் வேற ஊர்ல செட்டில் ஆயிடறா. அதனால மாற்று பஸ் தேவையில்லேன்னு வந்திருக்கு. உங்க ஒரு கையெழுத்து வேணும்."



"சார், அந்தத் தொண்ணூறு நான் சும்மா போட்டது. விளையாட்டுல புகார் வந்துச்சுன்னு."

"ஓ." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப சரியான நம்பர் என்ன?"

"தெரியாது சார்."

"அளக்க முடியுமா? முதல் கட்டத்துல மேலக்கரிசல் பாதையை மூடி நாலு வருஷம் ஆறது. பாதையைப் பிரிச்சாச்சு, புதுசு இன்னும் போடலை. அங்க போய்ப் பார்த்து ஒரு நம்பர் குடுங்கோ. நிச்சயமா மாத்திடறேன்."

அவர் அதை மனதாரச் சொன்னார்.

மேலக்கரிசலில் நிலையம் அப்படியே இருந்தது. மஞ்சள் பலகை, நடைமேடை, வேப்பமரம், குழாய். தண்டவாளம் மட்டும் இல்லை. அது கிடந்த இடத்தில் ஜல்லியும் சீமைக்கருவேலமும். நடைமேடை முனையில் 'அகலமாற்றப் பணி நடைபெறுகிறது. பதினெட்டு மாதங்களில் நிறைவுபெறும்' என்று ஒரு பலகை. அதன் பெயிண்ட் புதிதாக இருந்தது.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு திறந்திருந்தது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து டோக்கன் சீட்டுகளை நூலில் கோத்துக்கொண்டிருந்தார். பெயர் சுடலைமுத்து.

"ரயில் இல்லையே அண்ணாச்சி, ஸ்டாண்டு எதுக்கு?" என்று பியூலா கேட்டாள்.

"வரும்லா," என்றார் அவர். "வரும்போது நாம இல்லைன்னா வேற யாரும் எடுத்துக்கிடுவாங்க. நீங்க எந்தப் பக்கம்? பேச்சு நம்ம பேச்சா இருக்கு."

"நாசரேத்துப் பக்கம்."

"சொல்லுங்க, என்ன வேணும்?"

வேண்டியதைச் சொன்னாள். பாதை மூடிய நாளில் தினமும் ரயிலில் போய்வந்தவர்கள் யார் யார், அவர்கள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று தெரியவேண்டும். சுடலைமுத்துவுக்கு எல்லோரையும் தெரிந்திருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். மூன்று வாரம் அவரே வீடு வீடாக அழைத்துப்போனார். காலையில் ஸ்டாண்டைத் திறந்துவைத்து, ஷேர் ஆட்டோவுக்குப் போகிற ஏழெட்டுப் பேரின் சைக்கிளை வாங்கிப்போட்டுவிட்டு வருவார்.

யாரும் நடைமேடையில் போய் நிற்கவில்லை. ஆனால் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஒரு தையல்காரர் டவுனில் கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, ரயில் வந்ததும் போகலாம் என்று நான்கு வருடமாகக் கடையைத் திறக்காமல் இருந்தார். ஒரு பெண்ணுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்து, அடுத்த வருடம் சேரலாம் என்று வீட்டில் சொல்லி, அடுத்த வருடமும் அதையே சொல்லி, இப்போது அவளுக்கு இருபத்திரண்டு. பக்கத்துத் தெருவில் செல்லையா என்ற ஒருவர் வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்கு ரயிலில் போனவர்.

"ரயில்ல ஐம்பது நிமிசம்," என்றார் சுடலைமுத்து. "இப்பம் மூணு பஸ் மாறணும். வாரத்துக்கு மூணு மட்டம்னு இருந்தது ரெண்டாச்சு. பொறவு ஒண்ணு. ரயில் வந்துரட்டும், ஒழுங்காப் போயிருதேன்னு சொல்லுவான். ரெண்டாவது வருசம் ஆனியில போயிட்டான்."

பியூலா அட்டவணையில் செல்லையாவின் வரியில் எழுதினாள். எழுதிவிட்டுத் தனக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று கவனித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

"நீங்க அண்ணாச்சி? உங்க வீட்ல யாரெல்லாம்?"

"பொண்டாட்டி திருப்பூர்ல இருக்கா. பனியன் கம்பெனி. மக கல்யாணத்தையும் அங்கனயே வச்சு முடிச்சுட்டா. நான் போயிட்டு அன்னைக்கே திரும்பிட்டேன், ஸ்டாண்டைப் பாக்க ஆளில்லைன்னு."

"கூப்பிடலையா உங்களை?"

"கூப்பிடாம என்ன. மாசாமாசம் கூப்பிடுதா. ரயில் வரட்டும்னு சொல்லியிருக்கேன்." அவர் சிறிது தயங்கினார். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்ணுதாரு?"

"கப்பல்ல இருந்தாரு. கப்பல் முங்கிட்டு. ஆளு கிடைக்கலை."

"எத்தன வருசம் ஆச்சு?"

"நாலு."

"ஓகோ," என்றார் சுடலைமுத்து. வருத்தம் எதுவும் சொல்லவில்லை. ஒரே தொழிலில் இருப்பவர் போலத் தலையசைத்தார். "எங்களுக்கும் நாலுதான்."

முன்னூற்றுப் பன்னிரண்டில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு பேர் இன்னும் அந்த வண்டியை வைத்தே தங்கள் வாழ்க்கையைத் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். இதே வேகத்தில் போனால் பாதிப்பேர் விட்டுவிலக மொத்தம் ஏறக்குறைய ஆறு வருடம் ஆகும். பியூலா கணக்கை மூன்று முறை சரிபார்த்து, அறிக்கை எழுதி அனுப்பினாள். தையல்காரரையும் பாலிடெக்னிக் பெண்ணையும் செல்லையாவையும் அதில் எழுதினாள். சுடலைமுத்துவை எழுதவில்லை. அவர் தினமும் ரயிலில் போனவரல்ல, அதனால் பட்டியலில் வரவில்லை.

ஜூன் மாதம் ஆணை வந்தது. அடுத்ததாகக் கோட்டைவயல் பாதை ஆகஸ்ட் முதல் தேதி மூடப்படும். மாற்று பஸ் தேவையில்லை. காரணம்: 'மக்களின் காத்திருப்புத் திறன் ஆறு ஆண்டுகள் என்று கள ஆய்வில் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது.'

பியூலா துளசிராமனை அழைத்தாள்.

"சார், தொண்ணூறு நாள்னு சொன்னப்பவும் பஸ் இல்லை. ஆறு வருசம்னு சொன்னாலும் இல்லையா?"

"தொண்ணூறுன்னா அவா போயிடறா, பஸ் வேண்டாம். ஆறு வருஷம்னா அவா பொறுத்துக்கறா, பஸ் வேண்டாம். ரெண்டுமே லாஜிக்தானே மேடம்."

"பஸ் விடணும்னா நான் என்ன எண் கொடுத்திருக்கணும்?"

 கீபோர்டு சத்தம் கேட்டது. உண்மையிலேயே போட்டுப் பார்த்தார் போலிருக்கிறது.

"அப்படி ஒரு நம்பர் இல்லை மேடம்," என்றார் கடைசியில். குரலில் அவருக்கே ஒரு சங்கடம் இருந்தது. "ஒண்ணுலேர்ந்து மூவாயிரம் வரைக்கும் போட்டேன். எதுலயும் பஸ் வரலை. ஐயாம் சாரி."

அதற்கடுத்த நாட்களில் பியூலா வேறு வேலை எதையும் தொடவில்லை. கோட்டைவயலைத் திரையில் கட்டி, பாதையை மூடி, உள்ளே இருந்த நானூற்றைம்பது ஆட்களையும் நாள் நாளாகப் பின்தொடர்ந்தாள். அவர்கள் எல்லோரும் வந்து நிற்பதையும், பிறகு பழகிப்போவதையும் பார்த்தாள். எதுவும் மாறவில்லை. ஒரு மத்தியானம், ஏன் என்று சொல்லத் தெரியாமலே, மேலக்கரிசல் அட்டவணையிலிருந்து ஒரு ஆளை எடுத்துக் கோட்டைவயல் நடைமேடையில் விட்டாள். நான்கு வருடமாகக் காத்திருக்கிற ஆள். மூடிய முதல் நாளில் விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஐந்நூறாம் நாளில் விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒவ்வொரு நாளாக மாற்றி மாற்றி ஆயிரத்து நானூறு முறை ஓடவிட்டாள்.

சென்னியப்பன் வந்தபோது திரையில் ஒரு கோடு படுத்துக்கிடந்தது. ஓரிடத்தில் மட்டும் செங்குத்தாக எழும்பி மறுபடி விழுந்தது.

"இதென்னங்க?"

"இருநூறாவது நாள்லயிருந்து இருநூத்திப் பதினாலு வரைக்கும்," என்றாள் பியூலா. "அந்த ரெண்டு வாரத்துல இந்த ஆளை அங்க விட்டா, எல்லாரும் எந்திரிச்சு நடந்துபோய் மெயின் லைன்ல உக்காந்துர்றாங்க. வேகவண்டி நிக்குது. நாலாம் நாள் பஸ் வருது."

"உக்காரோணும்னு நீங்க எழுதியிருக்கீங்களா?"

"இல்லைங்க. பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட எவ்வளவு நேரமா நிக்கிறீங்கன்னு கேட்டுக்கணும், அதைவச்சு அடுத்து என்ன செய்யலாம்னு முடிவு பண்ணணும்னுதான் எழுதினேன். இந்த ஆள் நாலு வருசம்னு பதில் சொல்றாரு."

"அது ஏன் அந்த ரெண்டு வாரம் மட்டும்?"

"கோட்டைவயல்ல ஆறு மாசத்துல ரயில் வரும்னு பலகை வச்சிருக்காங்க. ஆறு மாசம் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆகறவரைக்கும் இவர் சொல்றதை யாரும் நம்பமாட்டாங்க. இருநூத்திப் பதினாலுக்கு மேல போயிட்டா நம்புவாங்க. ஆனா அதுக்குள்ள பழகிரும்."

சென்னியப்பன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வெளியே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இதை அவிங்களுக்கு அனுப்பப்போறீங்களா?"

"அனுப்பினா நூத்தித் தொண்ணூத்தொம்பதாம் நாள் பலகையில தேதியை மாத்தி எழுதிருவாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கோபமாக இருக்கிறாளா என்று பார்த்திருக்கவேண்டும். பியூலாவுக்கு வந்திருக்கவேண்டிய கோபம் வரவில்லை. அது எந்தத் தேதியில் வரும், யாருக்கு வரும் என்று மட்டும் தெரிந்தது.

"எனக்கு லீவு வேணுங்க. பிப்ரவரி பதினேழுலயிருந்து ரெண்டு வாரம்."

"அடுத்த வருசத்துக்கா?"

"ஆமாங்க."

"எழுதிக் குடுங்க," என்றார் சென்னியப்பன். எதற்கு என்று கேட்கவில்லை.

சாயங்காலம் சுடலைமுத்துவுக்குப் போன் செய்தாள். முதலில் ஆணையைச் சொன்னாள். ஆறு வருடம் என்று தான் கொடுத்த கணக்கை எடுத்துக்கொண்டு பஸ் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்பம் ஆறு வருசம்னு எழுத்துல போட்டுட்டாங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"நாலு முடிஞ்சிட்டு. இன்னும் ரெண்டு. நல்லதாப் போச்சு, எல்லார்ட்டயும் சொல்லிருதேன். இதுவரைக்கும் ஒரு கணக்குன்னு யாரும் சொன்னதில்ல."

"அண்ணாச்சி, அது ரயில் வர்ற கணக்கு இல்ல. நீங்கள்லாம் எம்புட்டு நாள் பொறுப்பீங்கங்கிற கணக்கு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்மா?"

  பியூலா வேறு பேச்சு எடுத்தாள்.

"நீங்க என்கூட ஒரு ஊருக்கு வரணும். கோட்டைவயலுன்னு பேரு."

"அங்க போயி?"

"ஸ்டேசன்ல நிக்கணும். யாரும் கேட்டா, எத்தன வருசமா நிக்கீங்கன்னு சொல்லணும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"எப்பம்?"

"வர்ற பிப்ரவரி பதினேழு. ரெண்டு வாரம் அங்கன இருக்கணும்."

"ஏழு மாசம் கெடக்கே. அது ஒண்ணுமில்ல." பிறகு அவர் குரல் மாறியது. "ரெண்டு வாரம்னா, ஸ்டாண்டை யாரு பாப்பா? அதுக்குள்ள ரயில் வந்துட்டுன்னா?"

"வராது அண்ணாச்சி."

 போனில் அவருக்குப் பின்னால் ஒரு சைக்கிளின் ஸ்டாண்டு தரையில் இறங்குகிற சத்தம் கேட்டது. யாரோ ஏதோ கேட்டார்கள். "அந்தா ஓரமாப் போடுங்க" என்று சுடலைமுத்து அவர்களிடம் சொன்னார். டோக்கன் கிழிக்கிற சத்தம். நான்கு வருடத்தில் அவரிடம் இதை நேராகச் சொன்ன முதல் ஆள் தான்தான் என்று பியூலாவுக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வராதுங்கியளா," என்றார் அவர்.

"வராது."

 வைத்துவிட்டாரோ என்று அவள் திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"சரி," என்றார் சுடலைமுத்து. "பூட்டிட்டு வாரேன்."